தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்ட அண்ணன்

பிள்ளைகளே, கோயிலில் மோசேயின் பெயரை வாசிக்கும்போதெல்லாம் உங்கள் பெரியப்பாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கிறோமே, ஏன் என்று கேட்டீர்கள். எனக்கு எழுதத் தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஏழு வயது, அண்ணனுக்குப் பன்னிரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒல்லாந்தர் கோட்டைக் கோயிலில் உபதேசியார் மோசேயின் வாக்கைச் சொன்னார். தன்னைப்போல ஒரு தீர்க்கதரிசியைக் கடவுள் உங்கள் சகோதரரிலிருந்தே எழுப்புவார். அவர் சொல்வதையெல்லாம் கேட்க வேண்டும். கேளாதவனைக் கடவுள் விசாரிப்பார். அதற்குமேல் நான் தூங்கிவிட்டேன். தப்பு அங்கேதான் நடந்தது.

மோசே, குழந்தையாகத் தண்ணீரிலிருந்து எடுக்கப்பட்டவர் என்று எனக்குத் தெரியும். அண்ணனும் தவழும் வயதில் ஏரியில் விழுந்து, அம்மா இறால் கூடையாலே வாரி எடுத்த பிள்ளை. எனக்கோ சகோதரன் அவன் ஒருவன்தான். வேறு யாராக இருக்க முடியும்?

அன்றுமுதல் அண்ணன் சொன்னதெல்லாம் செய்தேன். வலையை உதறிக் காயப்போடு என்றான்; போட்டேன். உன் பங்கு இறாலைத் தா என்றான், தந்தேன். காரணத்தை அவன் விசாரிக்கவில்லை. கிடைத்த ராஜ்யத்தை ஆண்டான்.

அந்த வாரம், நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துக்குத் தோணி எடுத்தார். வெளியே நங்கூரமிட்டிருந்த கப்பலைக் கிட்டத்தில் பார்க்கலாம். பிள்ளைகளில் ஒருவனுக்குத்தான் இடம். இம்முறை எனக்கு என்று நைனா சொல்லியிருந்தார். நான் தோணியில் ஏறி உட்கார்ந்த பிறகு அண்ணன் வந்து, நீ இறங்கு, நான் போகிறேன் என்றான். அழுதுகொண்டே இறங்கினேன்.

"இன்னாடா, கப்பலுனா உசுர வுடுவியே?" என்றார் நைனா.

மோசே சொன்ன ஆள் அண்ணன்தான், அவன் சொல்லைத் தட்டினால் கடவுள் கேட்பார் என்றேன். நைனாவும் கூட வந்த சித்தப்பாவும் தோணியே ஆடும்படி சிரித்தார்கள். "தீர்க்கதரிசி சாமி, இன்னிக்கு எறா எந்தப் பக்கம்னு சொல்லு" என்றார் சித்தப்பா, அண்ணனைப் பார்த்து.

அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. முழங்கால் தண்ணீரில் நின்ற என்னிடம் வந்தான்.

"டேய், மோசே சொன்னவரு எப்பவோ வந்தாச்சு. ஏசு சாமிதான் அது. நம்மள மாதிரி ஒடம்பெடுத்து, அண்ணன் தம்பியா பொறந்தாரு. அதான் சகோதரர்லேந்துன்னு சொன்னது. நீ தூங்கிட்ட. நான் உன் எறால தின்னவன்டா. அவரு தன்னையே குடுத்தவரு."

என்னைத் தூக்கித் தோணியில் உட்காரவைத்துவிட்டு அவன் கரையேறினான்.

கப்பல் மலைபோல் இருந்தது. ஆனாலும் நான் திரும்பித் திரும்பிக் கரையையே பார்த்தேன். வந்தவர் எப்படிப்பட்டவர் என்பதை, அண்ணன் வாயால் சொன்னதைவிடக் கரையில் நின்று அதிகம் சொன்னான். அன்று அது எனக்கு விளங்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் சோற்றுக்குப் போனபின் தனியாகக் கரைக்கு வந்தேன். அண்ணனின் வலை ஈரமாய்ச் சுருண்டு கிடந்தது. யாரும் சொல்லாமலே உதறிக் காயப்போட்டேன்.