இடப்பக்கக் கைப்பிடி

சித்தப்பாவின் காரில், இடப்பக்கக் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியின் உட்புறத்தில் நான்கு நகத்தடங்கள் இருக்கின்றன. பார்த்தால் தெரியாது, பிடித்தால்தான் விரலில் தட்டுப்படும்.

எதையும் நாளோடு சேர்த்து நினைவில் வைப்பது என் பழக்கம். பெருந்தொற்று ஓய்ந்த மறு ஆண்டு, மாத்தளையில் மாசித் தேர் முடிந்த வாரத்தில்தான் அவர் காரைத் தாழ்த்தத் தொடங்கினார். அதற்கு முந்திய தீபாவளியன்று சித்தி குளியலறையில் வழுக்கி விழுந்து முதுகெலும்பில் அடிபட்டிருந்தார். கார் தரையோடு ஒட்டி ஓட வேண்டும், சொகுசும் குறையக் கூடாது என்பது சித்தப்பாவின் ஆசை. ஸ்பிரிங்கை வெட்டினால் வண்டி குதிக்கும் என்று கராஜ்காரர் சொன்னதால், குட்டை ஸ்பிரிங்கும் அதற்கேற்ற ஷாக் அப்சோபரும் வரவழைத்தார். அதுவரை எல்லாம் முறைதான். சொகுசை அளக்கத்தான் வேறு வழி கண்டுபிடித்தார். "நல்ல முதுகுக்கு என்ன தெரியும்? நோவுற முதுகுதான் சரியாச் சொல்லும்," என்று சித்தியை முன்னிருக்கையில் ஏற்றினார்.

ஞாயிறுதோறும் உக்குவளை ரயில் கடவைக்குப் போவோம். நான் பின்னிருக்கையில் இருப்பேன். தண்டவாளத்தில் ஏறி இறங்கும்போது சித்தப்பா வீதியைப் பார்க்க மாட்டார். சித்தியின் முகத்தைப் பார்ப்பார். சித்தி அலறுவார். "இன்னும் வேல இருக்கு பாஸ். மீட்டர் கத்துது," என்பார் சித்தப்பா, கராஜுக்குத் திரும்பியதும். அங்கிருப்பவர்கள் சிரிப்பார்கள். சித்தியும் சிரிக்கப் பார்ப்பார். ஷாக்கைக் கழற்றி மாற்றுவார்கள். அடுத்த ஞாயிறு மறுபடியும் கடவை.

சித்திரை வருடப் பிறப்புக்கு முந்திய ஞாயிறு சித்தி அலறவில்லை. கை மட்டும் மேலே போயிருந்தது.

"குத்துதா?"

"இல்லங்க. தொட்டில் மாதிரி இருக்கு."

சித்தப்பா எல்லோருக்கும் பிளேன்டீ வாங்க இறங்கிப் போனார். சித்தி திரும்பாமலே என்னிடம் சொன்னார்: "கத்துனா திரும்பவும் கழட்டுவாங்க தம்பி. திரும்பவும் இங்கதான் கொண்டாருவாங்க."

சித்தியின் கணக்குத் தப்பிப்போனது. கிடைத்த சொகுசை ஊருக்குக் காட்ட வேண்டும் அல்லவா? நாவுல ஊர் வரை உறவினர் வீடு ஒன்று விடாமல் சித்தப்பா அவரை அந்தக் காரிலேயே கூட்டிப்போனார். ஆடி பிறந்தபோது சித்தியால் எழுந்து நிற்க முடியவில்லை. இன்றும் படுக்கைதான்.

போன ஞாயிறு அந்த இருக்கையில் நான் உட்கார்ந்தேன். அதே கடவை. ஆரோக்கியமான என் முதுகிலேயே கட்டையால் அடித்தது போலிருந்தது. கை தானாக மேலே போயிற்று.

"குத்துது சித்தப்பா."

"ஒனக்குச் சொகுசுன்னா என்னன்னு தெரியல. இந்த ஷாக்கப் போட்டப்புறம் ஒங்க சித்தி ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்ல," என்றார் பெருமையாக.

என் விரல்கள் அந்தத் தடங்களில்தான் பதிந்திருந்தன.