காப்புக் கட்டிய கையோடு பார்த்த அடிப்படம்

"டிஷ்யூம்" என்ற சத்தம் பலகைச் சுவரைத் தாண்டி வரும்போது சுவரும் லேசாக அதிரும். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் ஒரே கூரையின் கீழ் ஒட்டிக் கிடந்த எங்கள் லயத்துப் பத்து வீட்டுக்கும் அந்த அதிர்வு போகும். கோலா பிலா பட்டணத்திலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் தோட்டத்தில் வீடியோ வைத்திருந்தவர், ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ஒருவர்தான். சண்டைப்படத்தை நாங்கள் "அடிப்படம்" என்போம். கதாநாயகன் உதைத்தால் ஆள் பறந்துபோய்க் கூரையைப் பிய்த்துக்கொண்டு விழுவான், வெறுங்கையால் ஓடுகிற லாரியை நிறுத்துவான். அதை நம்பினீர்களா என்று கேட்டால், நம்பினோம் என்றுதான் சொல்வேன். ஆறு நாளும் கணக்கெழுதும் கிராணிக்கு முன்னால் கையைக் கட்டி நின்றவர்கள், ஏழாவது நாள் அந்த ஒரு உதைக்காக முண்டியடித்து உட்கார்ந்தார்கள். முதல் வரிசையில் தொடையைத் தட்டிக்கொண்டு இருப்பவர் என் அப்பா.

எனக்குப் பத்து வயதான வருடம், செம்பனைக் குலை வெட்டும்போது ஒரு குலை அப்பாவின் இடுப்பில் விழுந்தது. இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எலும்பு கூடிவிட்டது, இனி எழுந்து நடந்து பழக வேண்டியதுதான் என்று சொல்லி அனுப்பினார்கள். அப்பா எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். அம்மா தோட்டத்து மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். திருவிழாவில் நான் பால்குடம் எடுக்க வேண்டும். மணிக்கட்டில் மஞ்சள் காப்புக் கட்டிய பத்து நாளும் கவுச்சி கூடாது, சாவு வீடு கூடாது, படம் கூடவே கூடாது. "நீ சுத்தமா இருந்தாதான் ஒங்கப்பா எந்திரிப்பாரு, பாத்துக்க" என்று அம்மா சொன்னது எனக்குள் முள்ளாக நின்றது.

எட்டாம் நாள் ஞாயிறு. அம்மா கோயிலுக்குக் குத்துவிளக்குத் தேய்க்கப் போயிருந்தாள். மண்டோர் வீட்டில் படம் ஆரம்பித்துவிட்டது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை; வாசலுக்குப் போவேன், அடுப்படிக்கு வருவேன், திரும்பவும் வாசல்.

"என்னா பாப்பா, காலு சும்மா இருக்க மாட்டேங்குதா?" என்றார் அப்பா, திரும்பாமலே.

"காப்பு கட்டிருக்குப்பா."

"தெரியும்லா. மூணு அடி கேட்டுச்சு, விழுந்த சத்தத்த காணோம். எத்தன பேருன்னு மட்டும் பாத்துட்டு ஓடியா."

அப்பா முகம் துடைக்கும் கைலேஞ்சியை எடுத்துக் காப்பின் மேல் சுற்றிக்கொண்டேன், மஞ்சள் கயிறு ஆத்தா கண்ணில் படக்கூடாது என்று. வீட்டுக்குள் உட்காராமல் வெளியே ஜன்னலோரம் நின்றால் அது படம் பார்த்ததாகாது என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கல்லுடைக்கிற இடத்தில் கதாநாயகன் அடியாட்களை வரிசையாகப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தான். பின்னாலிருந்து ஒரு லாரி வந்து அவனை இடித்தது. குப்புற விழுந்தவன் அசையவில்லை.

அந்த நேரம் பார்த்து மண்டோர் சம்சாரம் என்னைப் பார்த்துவிட்டார். "அடியே, காப்பு கட்டுன பிள்ளதான நீ? கைலேஞ்சி சுத்துனா ஆத்தாளுக்குத் தெரியாதா?" எல்லாத் தலையும் திரும்பின. ஓடி வந்துவிட்டேன்.

"இருவது பேருப்பா. பத்தொம்பது பேரு காலி. அப்பறம் லாரி இடிச்சிருச்சு."

"எங்க?"

"இடுப்புல."

அப்பா தன் இடுப்பைத் தடவிக்கொண்டார். பிறகு, "எந்திரிச்சானா?" என்றார்.

"தெரியலப்பா, வெரட்டிட்டாங்க."

"போயி பாரு."

"மாட்டேன். நான் பாத்தா நீங்க எந்திரிக்க மாட்டீங்க" என்று அழுதேன்.

அப்பா அப்போதுதான் சுவரை விட்டு என் பக்கம் திரும்பினார். மண்டோர் வீட்டிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சத்தமின்மையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை என்று நினைக்கிறேன். ஜன்னல் சட்டத்தைப் பிடித்தார், பல்லைக் கடித்தார், "தோள குடு" என்றார். ஐந்து வீடு தாண்ட எவ்வளவு நேரமானதோ, என் தோள்பட்டை இரண்டு நாள் வலித்தது. நாங்கள் போய்ச் சேர்வதற்குள் படமே முடிந்திருந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்து நடுங்கிக்கொண்டு நின்ற அப்பா, "லாரி இடிச்சவன் எந்திரிச்சானா?" என்றார். மண்டோர் வேறொன்றும் கேட்காமல் டேப்பை லாரி வரும் இடத்துக்குத் திருப்பி ஓட்டினார். "உள்ள வந்து உக்காருயா" என்றதற்கு, "உக்காந்தா எந்திரிக்க முடியாது, போடுங்க" என்றார் அப்பா.

கோயிலிலிருந்து வந்த அம்மா, பாய் காலியாக இருப்பதைப் பார்த்துப் பதறி ஓடிவந்தாள். நிற்கிற அப்பாவை ஒரு பார்வை, என் மணிக்கட்டை ஒரு பார்வை. கைலேஞ்சியை மெதுவாக அவிழ்த்து மடியில் செருகிக்கொண்டாள். திட்டவில்லை. பத்தாம் நாள் நான் குடம் சுமந்தபோது அப்பா கம்பை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தார். விரதத்தை நான் காத்தேனா கெடுத்தேனா என்று அம்மாவிடம் பல வருடம் கழித்துக் கேட்டேன். "ஆத்தா யாரு மூலமா வருவான்னு ஒனக்குத் தெரியுமா? கும்புட்டமா போனமான்னு இரு" என்றாள். எனக்கு அப்படி இருக்க முடியவில்லை. இன்றும் வெள்ளிக்கிழமை சந்நிதியில் நிற்கும்போது அந்தக் கேள்வி உள்ளே நெளிகிறது.

இப்போது பாரோயில் வீடு. லயத்தை இடித்தாயிற்று, அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். படங்கள் மட்டும் முன்னைவிடப் பெரிதாகப் பறக்கின்றன. என் பிள்ளைகள் சோபாவில் சாய்ந்து, "லாஜிக்கே இல்லலா மா" என்று சிரித்துக்கொண்டே பார்க்கிறார்கள். கதாநாயகன் விழுந்ததும் பெரியவன் ரிமோட்டை அமுக்கி, எழுந்து அடிக்கிற இடத்துக்கு ஓட்டிவிடுகிறான். எந்திரிப்பானா என்று காத்திருக்கிற அந்த நேரம் இவர்கள் வீட்டில் இல்லவே இல்லை.

அடுப்படியிலிருந்து வந்து, "ஓட்டாதடா" என்கிறேன். "கொஞ்ச நேரம் கெடக்கட்டும்."