மைமூன் லாத்தா பங்கு வைத்த நாணல் பேனாக்கள்

போன வாரம் ஒரு திருவசன அட்டை எழுதிக்கொண்டிருந்தபோது மேலப்பாளையத்திலிருந்து, எனக்கு அக்கா முறையான மைமூன் லாத்தாவின் மகள் ரஹ்மத் அழைத்தாள். "சாச்சி, உம்மா மௌத்தாயிட்டாங்க" என்றாள். விடியற்காலை சுபுஹு தொழுதுவிட்டுச் சற்றுத் தலைசாய்த்தவர் எழுந்திருக்கவில்லையாம். எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஈரத்தோடு போட்டுவிட்டுப் போனால் லாத்தாவுக்குப் பிடிக்காது.

எழுத்து வரையும் நம்மில் பலருக்கு மைமூன் லாத்தாவை அரபு எழுத்துக்காரராகத் தெரியும். நான் அவரை முதலில் கண்டது பாளையங்கோட்டையில், ஒரு கண்காட்சியில். என் மேசையில் தமிழ் எழுத்துகள், பக்கத்து மேசையில் அவருடைய அரபு எழுத்துகள். மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் எழுந்து வந்து என் அட்டை ஒன்றை வெகுநேரம் பார்த்தார்.

"ஏ பிள்ள, இந்த 'ஞ' எத்தன வளைவு வளையுது! எனக்குப் பொறாமையா இருக்கு."

"எனக்கு உங்க அலிஃபைப் பாத்துதான் பொறாமை லாத்தா. ஒத்தக் கோட்டோட முடிஞ்சுபோவுது."

"அந்த ஒத்தக் கோடு ஒழுங்கா வரதுக்குள்ள எனக்குத் தலை நரைச்சுட்டு" என்று சிரித்தார். அன்றிலிருந்து நான் கிரேஸ் இல்லை, அவருக்குக் 'கிரேசு'.

ஆற்று வெள்ளம் குறுக்குத்துறையில் என் வீட்டுக்குள் புகுந்த ஆண்டை மறக்க முடியாது. தாள், மை, தூரிகை, இரும்பு முனைகள் எல்லாம் சேறாகிவிட்டன. சீவலப்பேரி முருகையா அண்ணாச்சி மகளின் கல்யாணப் பத்திரிகைக்கு நான் வரைந்து வைத்திருந்ததும் போயிற்று. அந்த வாரமே அச்சுக்குப் போக வேண்டியது. வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடலாம் என்று இருந்தேன்.

சேற்றை வழித்துக்கொண்டிருந்த காலையில், புர்காவைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி லாத்தா வந்தார். கையில் ஒரு பிஸ்கட் டப்பா. உள்ளே துணியில் சுற்றிய நாணல் பேனாக்கள், முனை சீவும் கத்தி, பட்டு நூல் திணித்த மைக்கூடு, வழவழப்பாகத் தேய்த்த தாள்கள். எல்லாம் அவர் தினமும் புழங்கியவை.

"இது உங்க கைக்குப் பழகினதுல்லா? எனக்கு என்னத்துக்கு லாத்தா?"

"இருந்ததப் பாதியாப் பிரிச்சிருக்கேன். மத்தப் பாதி எங்கிட்ட இருக்கு. தானம்னு நெனைக்காத, பங்குன்னு வச்சுக்க."

என் வீட்டில் காய்ந்த இடமே இல்லாததால் அவர் வீட்டுக்கே போனோம். அரபுக்கென்று சாய்த்து வெட்டிய முனை தமிழுக்கு ஒத்துவரவில்லை. மெலிய வேண்டிய இடத்தில் தடித்தது, 'ண' மூன்று கொழுக்கட்டையாக உட்கார்ந்தது. இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். பிறகு லாத்தா கத்தியை எடுத்துச் சாய்வை மாற்றி வெட்டினார். நான் எழுதிப் பார்த்தேன். மறுபடி வெட்டினார். இரண்டு பேனாக்கள் வீணான பின் மூன்றாவது இறங்கி ஓடியது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது மணமக்கள் பெயர் தாளில் காய்ந்துகொண்டிருந்தது.

கல்யாணத்துக்கு இருவரும் ஒன்றாகப் பஸ் ஏறிப் போனோம். முருகையா அண்ணாச்சி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "பத்திரிகை ஜோரு! கம்ப்யூட்டர்ல அடிச்ச மாதிரியே இருக்கு."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. லாத்தா விடவில்லை. "அண்ணாச்சி, மக பேர்ல கடைசி எழுத்தப் பாருங்க. எப்படி அசைஞ்சு நிக்குது! கம்ப்யூட்டருக்கு இந்த நாணம் வருமா?"

அவர் பத்திரிகையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். "வராதுதான்" என்றார். பந்தியில் எங்கள் இலைக்கு இரண்டாம் முறையும் பாயசம் வந்தது.

அதற்குப் பிறகு நான் இரும்பு முனைக்குத் திரும்பவில்லை. என் எழுத்தில் ஒரு நிதானம் வந்திருப்பதாக நீங்களே சொன்னீர்கள். அது நாணல் தந்தது.

மௌத் வீட்டிலிருந்து வந்த மறுநாள் அந்தத் திருவசன அட்டையை முடித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சைப் பிடித்து, கடைசிச் சுழி முடிந்ததும் "ஹ்ம், வந்துட்டு" என்று வாய்விட்டுச் சொன்னேன். அது லாத்தா சொல்வது. எப்போது எனக்கு ஒட்டிக்கொண்டது என்று தெரியவில்லை. அந்த வார்த்தையையும் என் பங்காக நானே வைத்துக்கொள்கிறேன்.