ரெண்டாம் குரூப்பு

"ஐயா என்ன உத்தியோகம் பாக்குறீக?"

பஸ் நின்று புழுதி அடங்குவதற்குள் அருஞ்சுனை ஜன்னலுக்கு வந்துவிடுவான். மதுரைக்குப் போகும் எங்கள் கரி பஸ், அருப்புக்கோட்டையை விட்டுப் பாளையம்பட்டி வருவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும். பெட்ரோலையெல்லாம் யுத்தம் குடித்துவிட்டதால், பின்னால் ஓர் அடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடுகிற வண்டி அது. கண்டக்டர் இறங்கிக் கரியைக் கொட்டி, விசிறியைச் சுற்றிக் கனலைக் கிளப்பும்வரை பிரயாணிகளுக்குப் போக்கிடம் கிடையாது. அருஞ்சுனைக்கு அது வசதி.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டான். பருத்தி விதைக்கும் சம்சாரி நல்லமுத்துவின் ஒரே மகன். மதுரைக் காலேஜில் இரண்டு வருஷம் இன்டர் படிக்க வேண்டும். படித்து என்னவாக வேண்டும் என்று சொல்லத்தான் ஊரில் ஆளில்லை. ஆகவே பஸ்ஸை விசாரித்தான். என்னையும் கேட்டான். பத்திரிகைகளுக்கு எழுதுகிறேன் என்றேன்.

"அது சரிங்கய்யா, சாப்பாட்டுக்கு?" என்றான். அன்றிலிருந்து அவன் மேல் எனக்கு ஒரு மரியாதை.

கேட்டறிந்த உத்தியோகத்தை வீட்டில் போட்டுப் பார்ப்பான். வக்கீல் ஒருவர் வந்துபோன வாரம், கருப்பட்டியைத் தின்றது நீதானே என்று கேட்ட தாயாரிடம், பார்த்த சாட்சி உண்டா என்றானாம். ரயில்வே கார்டு வந்த வாரம் தொழுவத்தில் கொடி காட்டாமல் மாடு நகரவில்லை. "மாடு ரெடியா நிக்குது, இவன் பச்சத் துண்டத் தேடிக்கிட்டுத் திரியுறான்" என்று நல்லமுத்து என்னிடம் முறையிட்டார்.

பிறகு ஒருநாள் டாக்டர் அற்புதமேரி அந்த பஸ்ஸில் வந்தார். கண்டக்டருக்கு உள்ளங்கையில் சீழ்க்கட்டி. விசிறியைச் சுற்ற முடியாமல் திணறினார். அம்மையார் பையைத் திறந்து கத்தியை எடுத்து, "தம்பி, இவர் கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க" என்றார். அருஞ்சுனை கடைசிவரை பிடித்திருந்தான். கட்டுப் போட்டு முடிந்த பிறகுதான் மயங்கி விழுந்தான். தெளிந்ததும், "இதுக்கு என்னம்மா படிக்கணும்?" என்று கேட்டான்.

"இன்டர்ல ரெண்டாம் குரூப்பு எடுங்க."

அதோடு விசாரணை நின்றது. எதிர்ப்பட்டவரையெல்லாம், "நாக்க நீட்டுங்க" என்றான். ஊரும் நீட்டியது. நல்லமுத்து மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். "ஏலே, நாக்க நீட்ட நான் என்ன நாயா?"

அவரை உறுத்தியது அந்த 'ரெண்டு'. கமிஷன் கடையில் அவர் பருத்தி என்றைக்கும் ஒண்ணாந்தரம். "ஒண்ணாங் குரூப்புன்னு ஒண்ணு இருக்கயில, எம் மகன எதுக்கு ரெண்டாந்தரத்துல போடணும்? ஊருக்குள்ள எப்படித் தல நிமிந்து நடப்பேன்?" ஒன்று கணக்குக்கு, மற்றது வைத்தியத்துக்கு, இதில் தரமே கிடையாது என்று நானும் சொல்லிப் பார்த்தேன்.

"பருத்தி வாங்குறவனும் இப்படித்தாங்கய்யா இதமாப் பேசுவான்" என்றார். ஒண்ணாம் குரூப்பு என்றால் மதுரை, இல்லாவிட்டால் கலப்பை. பையன் முகம் வாடிக் கிடந்தது. எனக்கு மனசே கேட்கவில்லை.

அம்மையார் மறுபடி வந்தபோது நல்லமுத்துவே ஜன்னலுக்கு வந்தார். தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"தாயி, நீங்க எந்தக் குரூப்பு?"

"ரெண்டாம் குரூப்புதான்யா."

சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மார்க்கு கொறஞ்சு போச்சா தாயி?"

பஸ்ஸே சிரித்தது. அம்மையார் சிரிக்கவில்லை. "இல்லய்யா, நல்ல மார்க்குதான். டாக்டராகணும்னா அந்த வாசல் வழியாத்தான் போகணும்."

கண்டக்டர் ஆறிப்போன உள்ளங்கையை நீட்டினார். நல்லமுத்து அதைப் பஞ்சை இழுத்துப் பார்ப்பதுபோல் விரலால் தடவிப் பார்த்தார். துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார்.

கல்லூரி திறக்கிற நாளன்று அருஞ்சுனை டிரங்குப் பெட்டியோடு ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். "கெளம்புன்னாக ஐயா. எந்தக் குரூப்புன்னு மட்டும் அப்பா வாயத் தொறக்கல" என்றான். கண் கலங்கியிருந்தது.

கரி பிடித்தது. பஸ் நகர்ந்தது. நல்லமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கூடவே ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"ஏலே, இங்க பாரு."

அருஞ்சுனை திரும்பினான். ஊரே பார்த்திருக்க, வெற்றிலை போட்டுச் சிவந்த நாக்கை அவர் முழுசாக வெளியே நீட்டினார்.