அம்மாவைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போன இரட்டை எஞ்சின் விமானம்

அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இது போன்ற நினைவு மலர்களில் மறைந்தவரின் பொறுமையைப் பூமாதேவியோடு ஒப்பிட்டு எழுதுவது வழக்கம். எங்கள் அம்மாவை அறிந்த உறவினர்கள் அப்படி ஒரு வரியைப் படித்தால் மலரை மூடி வைத்துவிடுவார்கள். அம்மாவுக்குப் பொறுமை கிடையாது. சோறு வேக நேரமானால் அடுப்பைத் திட்டுவார், மழை வந்தால் வானத்தைத் திட்டுவார். ஆனால் பிரிந்திருக்கும் இரண்டு பேரைச் சேர்த்துவைப்பதற்காகக் கூசாமல் பொய் சொல்லக் கூடியவர். அந்தக் குணத்தால்தான் நான் அம்மாவின் தாய்வீட்டில் பிறந்தேன் என்பதால், மூத்த மகளாகிய நானே அதை எழுதுவது முறை.

அம்மா பிறந்தது வேம்பாரில். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அம்மாவின் சிறு வயதிலேயே அவர் காலமாகிவிட, அம்மாவின் ஒரே அண்ணனான எங்கள் மாமா குடும்பத்தைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, துறைமுகத்தில் லாஞ்சு என்ற மோட்டார் படகு ஓட்டும் வேலையில் சேர்ந்தார். அப்போதெல்லாம் பெரிய கப்பல்கள் கரைக்கு வருவதில்லை. தூரத்தில் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். சரக்கு தோணியிலும் ஆட்கள் லாஞ்சிலும் போய்வருவார்கள். யுத்த காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்றே வளர்ந்தவர் அம்மா. பிற்காலத்தில் கிழங்கு என்ற பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவார்.

அப்பா ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தார். கப்பல்களில் ரேடியோ பழுதானால் அப்பாவுக்கு ஆள் வரும். கூட்டிப்போவது மாமாவின் லாஞ்சு. அப்படித்தான் இருவரும் சிநேகிதர்கள் ஆனார்கள். ஒருமுறை ஒரு வெள்ளைக்காரக் கப்பல் அதிகாரியின் சொந்த ரேடியோவை இருவரும் சேர்ந்து சரிசெய்து கொடுத்தார்கள். அவருக்கு விளையாட்டு விமானம் செய்வதில் பைத்தியம். மகிழ்ந்துபோய் ஆளுக்கு ஒரு எஞ்சினை அன்பளிப்பாகக் கொடுத்தார். உள்ளங்கையில் அடங்கும் எஞ்சின், ஆனால் ஓடினால் தெரு அதிரும். அந்தச் சந்தோஷம் அடங்கும் முன்பே மாமா தம் தங்கையை அப்பாவுக்கு நிச்சயம் செய்தார்.

கல்யாணத்தில்தான் வினை வந்தது. ரேடியோக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இரவல் ஒலிபெருக்கியா என்று அப்பா தாமே ஒன்றைத் தயார் செய்து பந்தலில் கட்டியிருந்தார். முகூர்த்த நேரத்தில் அது ஊளையிட ஆரம்பித்தது. நாதஸ்வரம் கேட்கவில்லை, ஐயர் சொன்ன மந்திரமும் கேட்கவில்லை. அப்பா மாலையும் கழுத்துமாக மணவறையை விட்டு எழுந்து வயரைப் பார்க்கக் கிளம்பினார். மாமா வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "மாப்பிள்ளை மொதல்ல தாலியக் கட்டட்டும். வயரை நாங்க பாத்துக்கிடுதோம்" என்றார். பந்தலே சிரித்தது. அப்பா தாலியைக் கட்டினார். அதன் பிறகு மாமாவோடு பேசவில்லை.

மறுவீட்டுக்கு அப்பா போகவில்லை, ஆகவே அம்மாவும் போகவில்லை. தாய்வீடு நாலு தெரு தள்ளித்தான். "அவுக வந்து முறையாக் கூப்பிட்டா நீ போ, நானா வேண்டாங்கேன்?" என்பார் அப்பா. "அவரு ஒரு வார்த்தை பேசட்டும், மறு நிமிசம் கூப்பிடுதேன்" என்று மாமா அங்கே இருந்தார். இந்த நிலையில் நான் வயிற்றில் வந்தேன். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும். அண்ணன் வந்து அழைக்க வேண்டும். அழைக்காமல் போனால் அம்மா மட்டுமல்ல, அம்மாவைப் பெற்ற ஆச்சியும் ஊர் வாயில் விழ வேண்டும். "பிள்ள பெறப் பயமில்ல. அம்மா கிட்டப் போகாம பெறணுமேன்னுதான் பயம்" என்று அந்த நாட்களைப் பற்றி அம்மா சொல்வார். ஆச்சியை நினைத்துத் தினமும் அழுதிருக்கிறார்.

அப்பா அழவில்லை. அவர் விமானம் செய்துகொண்டிருந்தார்.

கையில் எஞ்சின் இருந்தது. சென்னை மூர் மார்க்கெட்டில் யுத்த மிச்சமாக விற்ற ரேடியோ வால்வுகளும் வந்து சேர்ந்தன. தரையில் நின்றபடி ரேடியோ அலையால் திருப்பக்கூடிய விமானத்தைச் செய்துவிடலாம் என்று அப்பா நம்பினார். மூங்கில் சிம்பு, மாலை கட்டும் நெட்டி, கட்டுமரத்து மரத்தில் ஒரு துண்டு இவற்றால் உடம்பு. பழைய பட்டுக் குடையின் துணியை அம்மா பிரித்துத் தைத்து இறக்கைக்குப் போர்த்தினார். கஞ்சி போட்டு, வார்னீஷ் பூசி, வெயிலில் காயவைத்தார்கள். பொத்தானை ஒருமுறை அமுக்கினால் வாலிலுள்ள சுக்கான் இடப்பக்கம் திரும்பும், விட்டால் நேராகும், மறுமுறை அமுக்கினால் வலப்பக்கம் திரும்பும். விமானத்தை இறக்க மட்டும் பொத்தான் கிடையாது. எரிபொருள் தீர்ந்து எஞ்சின் நின்றால் அது தானாக மிதந்து இறங்கும், அவ்வளவுதான். இதற்கெல்லாம் சர்க்கார் அனுமதி வாங்கினீர்களா என்று பிற்காலத்தில் நாங்கள் கேட்டால் அப்பா தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

உப்பளத்துக் கட்டாந்தரையில் ஓட்டிப் பார்த்தபோது விமானம் கோழி மாதிரி ஓடியது, எழும்பவில்லை. ரேடியோவும் பேட்டரியும் அவ்வளவு கனம். ஒரு எஞ்சினால் அதைத் தூக்க முடியாது. இன்னொன்று வேண்டும். அது மாமா வீட்டுப் பரணில் இருந்தது.

"எனக்கு யாரு எஞ்சினும் வேண்டாம்" என்றார் அப்பா. மறுநாளே இறக்கையைப் பிரித்து இரண்டு எஞ்சினுக்கு இடம் வைத்துக் கட்ட ஆரம்பித்தார். அம்மாவுக்கு அது போதும்.

இரண்டு வீட்டுக்கும் மீன் கொண்டுவருபவர் செபஸ்தியம்மாள். அவரிடம் அப்பா சொல்லியனுப்பியது: "அங்கன ஒரு எஞ்சின் சும்மா துருப்பிடிச்சுக் கெடக்கு. எடுத்தனுப்பினா அதுக்கு ஒரு கதி கெடைக்கும்." அம்மா வாசல் வரை போய், செபஸ்தியம்மாளின் கூடையைத் தூக்கிவிடும் சாக்கில் அதைத் திருத்தி அனுப்பினார்: "அண்ணன் எஞ்சின் இல்லாம இங்கன ஒண்ணுமே எந்திரிக்கலயாம்." அங்கிருந்து மாமாவின் பதில் வந்தது: "அவரு கைக்கு எஞ்சினைக் கொடுத்தா ஒலிபெருக்கி ஆக்கிருவாரு. தர மாட்டேன்னு சொல்லு." இதை அம்மா அப்பாவிடம் சேர்ப்பித்த விதம்: "அண்ணன் கொண்டாந்து மாட்டித் தாராகளாம். ஆனா அதுல வேற யாரும் கை வைக்கக் கூடாதாம்." அதே கையோடு மாமாவுக்கும், "அண்ணன் கைபட்டாத்தான் அது ஓடுமாம், வரச் சொல்லுதாக" என்று போயிற்று.

மாமா வந்தார். தங்கையை அழைக்க அல்ல, எஞ்சினை மாட்ட. வீட்டுக்குள் கால் வைக்காமல் பின்வாசல் வழியாக முற்றத்துக்கு வந்தார். இந்த வீட்டில் கை நனைக்க மாட்டேன் என்பதற்காகத் தூக்குவாளியில் காப்பியும் கொண்டுவந்திருந்தார். இடப்பக்க எஞ்சின் மாமாவுடையது, வலப்பக்கம் அப்பாவுடையது. நடுவில் மணைப்பலகை போட்டு அம்மா மீன் ஆய்ந்துகொண்டிருப்பார்.

"அந்தப் பக்கத்து எஞ்சின் இருமுது. திருகாணியைக் கூட்டிட்டாகன்னு சொல்லு" என்பார் அப்பா.

இரண்டு முழத் தூரத்தில் இருக்கும் மாமாவைப் பார்த்து அம்மா சொல்வார்: "அண்ணே, உங்க எஞ்சினுக்கு வேகம் ரொம்பவாம். கொஞ்சம் இளக்குனா ஜம்முனு ஓடுமாம்."

"அவரு எஞ்சின் கொசு மாதிரி கத்துது. முதல்ல அதைப் பாக்கச் சொல்லு."

"ஏங்க, உங்க எஞ்சின் சுத்தமா ஓடுதாம். அண்ணன் எஞ்சின் அதுக்கு ஈடு கொடுக்கணும்னா நீங்க கொஞ்சம் குறைக்கணுமாம்."

ஒருவர் பேசுவது மற்றவருக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் அம்மா திருத்திச் சொன்னதை மட்டுமே காதில் வாங்கியது போல இருவரும் நடந்துகொள்வார்கள். இரண்டு எஞ்சினும் ஒரே வேகத்தில் ஓடாவிட்டால் சத்தம் ஏறி இறங்கித் தள்ளாடும். அது ஒரே சீராகும் வரை இப்படியே பல நாள் பேசினார்கள், அதாவது அம்மா பேசினார். எரிபொருளில் மண்ணெண்ணெயும் ஈதரும் விளக்கெண்ணெயும் கலக்க வேண்டும். ஈதர் வாடையில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவாராம். பிரசவத்துக்குக் கொடுக்கும் விளக்கெண்ணெய் படி கணக்கில் வீட்டுக்குள் போவதைப் பார்த்த அடுத்த வீட்டார், பிரசவம் இரட்டைப் பிள்ளையாக இருக்கும் என்று முடிவு செய்தார்கள்.

ஒரு எஞ்சின் முதலில் நின்றுவிட்டால் மற்றது விமானத்தை ஒரு பக்கமாக இழுத்துச் சுழற்றும். இதற்காக இரண்டு எஞ்சினையும் சற்றே வெளிப்பக்கம் பார்க்கத் திருப்பி வைத்தார்கள். எரிபொருள் தொட்டிகள் சிகரெட் டின்னில் அடித்தவை. நாலைந்து சுற்றுச் சுற்றி இறங்கும் அளவுக்கு, இரண்டும் ஒரே கொள்ளளவு என்று அம்மா மூலமாக ஒப்பந்தமும் ஆயிற்று. பிறகு ஒருநாள் அப்பா அம்மாவைத் தனியே கூப்பிட்டார். "ஊரே பாக்க வரும். என் எஞ்சின் மொதல்ல நிக்கக் கூடாது. தொட்டியக் கொஞ்சம் பெருசாக்கிட்டேன். உங்க அண்ணன்ட்டச் சொல்லாத." அடுத்த நாள் அப்பா கடைக்குப் போயிருந்த நேரத்தில் மாமா வந்தார். "ஏளா, தொட்டியக் கொஞ்சம் பெருசாக்கிருக்கேன். மாப்பிள்ளைட்டச் சொல்லிராத."

அம்மா இருவரிடமும் சொல்லவில்லை. அத்தனை மாதத்தில் அம்மா ஒரு சேதியைத் திருத்தாமல் காப்பாற்றியது அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை உப்பளத்தில் கூட்டம் கூடியது. அம்மாவுக்கு உட்கார ரேடியோப் பெட்டியைப் போட்டார்கள். பக்கத்தில் செபஸ்தியம்மாள் குடை பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா "ம்" என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு எஞ்சினின் விசிறியைச் சுண்டினார்கள். பல முறை சுண்டி, விரலில் அடி வாங்கி, கடைசியில் இரண்டும் பிடித்துக்கொண்டன. விமானம் ஓடியது, எழும்பியது, உப்புக் குவியல்களுக்கு மேலே அழகாக வட்டமிட்டது. கூட்டம் கைதட்டியது. அப்பா மாமாவின் எஞ்சின் நிற்கக் காத்திருந்தார். மாமா அப்பாவின் எஞ்சின் நிற்கக் காத்திருந்தார். இரண்டும் நிற்காது என்று தெரிந்தவர் அம்மா மட்டும்தான்.

கரைக்காற்று அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிழக்கே தள்ளியது. அப்பா பொத்தானை அமுக்கினார். விமானம் கேட்கவில்லை. மறுபடி அமுக்கினார். அது நேராகக் கடலைப் பார்த்துப் போயிற்று.

"மாப்பிள்ளை, திருப்புங்க மாப்பிள்ளை."

"திரும்ப மாட்டேங்கு மச்சான்."

"அடுத்த பக்கம் அமுக்குங்க."

"எட்டாது மச்சான், தூரமாயிட்டு. எண்ணெய் ஏன் இன்னும் தீரல?"

இருவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடற்கரையை நோக்கி ஓடினார்கள். கூட்டமும் ஓடியது. நிறைமாதத்து அம்மா ரேடியோப் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்.

வெயில் உச்சிக்கு வந்த பிறகுதான் திரும்பினார்கள். விமானம் கடலில் விழுந்து, கரை திரும்பிய வள்ளக்காரர்கள் ஒற்றை இறக்கையை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை ஆளுக்கொரு முனையாகப் பிடித்தபடி, மார்பளவு நனைந்து, இருவரும் பேசிக்கொண்டே வந்தார்கள். தொட்டி விஷயம் இரண்டு பக்கமும் வெளியாகிவிட்டது. நீ எவ்வளவு கூட்டினாய், நான் எவ்வளவு கூட்டினேன் என்று ஒரே சிரிப்பு. அந்தச் சிரிப்பிலேயே அம்மாவைத் தாண்டியும் போய்விட்டார்கள்.

"ரெண்டு பேரும் பேசிக்கிட்டே போங்க" என்றார் அம்மா பின்னாலிருந்து. "நான் எங்கன போவணும்னு யாராச்சும் ஒரு ஆளு சொல்லிட்டுப் போங்க."

இருவரும் நின்றார்கள். மாமா இறக்கையைக் கீழே வைத்தார். பூ இல்லை, வெற்றிலை பாக்கு இல்லை, உடம்பெல்லாம் உப்புத் தண்ணீர். தோளில் கிடந்த ஈரத் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துக் கேட்டார்: "மாப்பிள்ளை, பிள்ளையப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

"இதை என்ட்ட எதுக்கு மச்சான் கேக்கீக? நானும் வாரேன். மறுவீட்டுச் சாப்பாடு பாக்கி இருக்குல்லா" என்றார் அப்பா.

அம்மா அங்கேயே அழுதுவிட்டார். செபஸ்தியம்மாள் மட்டும், "அழுவுததை வீட்டுல போயி அழு தாயி, வெயில் கொளுத்துது" என்று கையைப் பிடித்துத் தூக்கினாராம். மாட்டு வண்டியில் நேராக ஆச்சி வீட்டுக்குப் போனார்கள். அந்த வாரத்திலேயே நான் பிறந்தேன்.

அதற்குப் பிறகு அப்பாவும் மாமாவும் எத்தனையோ செய்தார்கள். இன்னொரு விமானம் மட்டும் செய்யவில்லை, அம்மா விடவில்லை. ஆனால் உப்பளத்தில் முதலில் பேசியது யார் என்பதில் அவர்களுக்குள் கடைசி வரை தகராறு. நீதான் இறங்கி வந்தாய் என்று இருவரும் மாறி மாறிச் சொல்வார்கள். அப்பா அந்த வழக்கு முடியாமலே காலமானார். சென்ற ஆண்டு அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, தொண்ணூறைத் தாண்டிய மாமா தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்: "ஏளா, இப்பவாச்சும் சொல்லு. அன்னைக்கு மொதல்ல பேசுனது நானா, மாப்பிள்ளையா?"

"நீங்க ரெண்டு பேரும் எங்க பேசுனீக?" என்றார் அம்மா. "அத்தன மாசமும் நான்தானே பேசிக்கிட்டு இருந்தேன்." மாமா தடியைக் கீழே வைத்தார். பிறகு அம்மாவின் காலைப் பிடித்துவிட ஆரம்பித்தார். நாங்கள் எவ்வளவு சொல்லியும் நிறுத்தவில்லை.

அம்மாவை வீட்டுக்கே வந்து பார்த்த டாக்டருக்கும், முகம் சுளிக்காமல் பணிவிடை செய்த நர்சம்மாவுக்கும், அம்மா மறைந்தபின் மூன்று நாளும் எங்கள் வீட்டில் உலை வைக்க விடாமல் சோறு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும், கீழவைப்பாரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்த செபஸ்தியம்மாளின் பேரப்பிள்ளைகளுக்கும் எங்கள் நன்றி. எல்லோருக்கும் முன்பாக மாமாவுக்கு. பிறந்த வீட்டுக் கோடிப் புடவையை வேறு யார் கையிலும் கொடுக்காமல், நடக்க முடியாத நிலையிலும் தாமே சுமந்து வந்து அம்மாவுக்குப் போர்த்தினார். போர்த்திவிட்டு எங்களைப் பார்த்து, "பிள்ளையக் கூட்டிட்டுப் போகட்டுமா?" என்று கேட்டார்.