கையில் எண்ணெய்

சாரல் நேரத்தில் குற்றாலம் மலைப்பாதையில் அனுமதி வாங்கி ஓட்டப்பந்தயம் வைத்திருந்தார்கள். நானும் என் மனைவியின் தம்பி கணேசனும் வடகரையிலிருந்து போயிருந்தோம்.

"அத்தான், இப்பவே எண்ணெய் தேச்சிட்டு ஓடுவோம். தசை பிடிக்காது. முடிச்சதும் நேரா அருவியில போயி நிக்கலாம்" என்றான் கணேசன்.

அருவிக்கரையில் எங்களுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவரே சொன்னார்: "குளிக்கதுக்குத்தான் அண்ணாச்சி எண்ணெய், ஓடுததுக்கு இல்ல." நாங்கள் சிரித்தோம்.

ஏற்றத்தில் ஒரு வளைவு. பாசிப்பாறை வழுக்கி, கணேசன் பள்ளத்தின் பக்கம் சரிந்தான். அவன் முழங்கையைப் பிடித்துவிட்டேன். பிடி மணிக்கட்டுக்கு நழுவியது, பிறகு விரல்களுக்கு. பிறகு என் கையில் எண்ணெய் மட்டும் இருந்தது.

பத்தடி கீழே ஒரு மரவேர் அவனைத் தடுத்திருந்தது.

"ஏன் அத்தான் விட்டுட்டிய?" என்று அங்கிருந்தே கேட்டான்.

எனக்குப் பயமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பின்னால் வந்தவர்கள் இறங்கி அவனைத் தூக்கினார்கள். நான் உள்ளங்கையைப் பனியனில் துடைத்துக்கொண்டே நின்றேன். அவனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்ததோடு போயிற்று.

இப்போதும் மலையில் ஓடுகிறோம். எண்ணெய்க் குளியல், ஓடி முடித்த பிறகுதான். கிளம்பும்முன் இருவரும் சீயக்காய் போட்டுக் கை கழுவி, ஒருமுறை இறுகப் பிடித்துப் பார்ப்போம்.

"போதும் அத்தான், விடுங்க" என்று ஒவ்வொரு தடவையும் அவன்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.