நெக் டை

டெக்சஸ் மாநிலம் ஆலனில், சேனாபதி வீட்டு கராஜில் கார் நிற்பதில்லை. சுட்டு முடித்த ரைபிள் தோட்டாக்களுக்கு மறுபடி மருந்து நிரப்பும் சாமான்கள்தான் நிற்கின்றன. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெடிக்கிற வேகத்தில் உப்பிவிடும். அதை டை என்கிற இரும்பு அச்சுக்குள் செலுத்தி நெரித்தால் பழைய அளவுக்கு வரும். கோயம்புத்தூரில் வளர்ந்தவருக்கு டை என்றால் என்னவென்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நெரிப்பதற்கும் வேண்டியதில்லை. வீட்டில் அதைத்தான் செய்துகொண்டிருந்தார்.

முக்கியமாக மச்சினன் திருமூர்த்தியை. சாஃப்ட்வேர் வேலை போய், மனைவியும் விட்டுப்போன பிறகு, மகள் வெண்பாவோடு அக்கா சாந்தி வீட்டு மாடியறைக்கு வந்து சேர்ந்தவன் அவன். சேனாபதி சோறு போட்டார். போட்டதைத் தினமும் சொல்லியும் காட்டினார்.

"மாப்ள, மேல ஏசியை நிறுத்து. சம்பளம் வாங்கறவன் போட்டுக்கட்டும்" என்பார், வெண்பா காதில் விழும்படி. திருமூர்த்தி சிரித்துக்கொண்டே எழுந்து போவான். அந்தச் சிரிப்பைப் பார்க்காவிட்டால் சேனாபதிக்குச் சாப்பாடு இறங்காது. அப்படியொரு பிறவி.

அவருடைய கம்பெனி டைரக்டர் மயில்சாமி பொள்ளாச்சிக்காரர். ஒரு விருந்தில் திருமூர்த்தியோடு பேசியவர் அசந்துபோனார்.

"சனிக்கெழமை ராஞ்ச்சுக்குப் பன்னி வேட்டைக்கு வாங்க. சேனாபதி டீமுக்கு ஒரு லீட் வேணும், அப்படியே பேசிக்கலாம். ரைபிள் நான் தர்றேன். தோட்டா நீங்களே லோட் பண்ணிக் கொண்டாங்க. கை சுத்தமான ஆளைத்தான் எனக்குப் புடிக்கும்."

தினமும் ஏசியை நிறுத்தப் போகிறவன் தனக்கு மேலே வந்து உட்காருவதா? சேனாபதிக்கு வயிறு எரிந்தது. எரிந்த வயிற்றோடே கடைக்குப் போனார்.

இரண்டு வகை டை இருந்தது. ஃபுல் லெங்த் டை கூடு முழுவதையும் நெரிக்கும். அந்தத் தோட்டா அதே ரகத்தில் எந்த ரைபிளிலும் போகும். நெக் டை கழுத்தை மட்டும் நெரிக்கும். உடம்பு, கடைசியாகச் சுட்ட ரைபிளின் அளவிலேயே நிற்கும். இன்னொரு ரைபிளில் அது சிக்கிக்கொள்ளலாம். மயில்சாமியின் ரைபிள் இறுக்கமானது. தன் ரைபிளில் சுட்ட கூடுகளில் நிரப்பிய தோட்டாக்கள் அதில் சிக்கியதை சேனாபதி முன்பே கண்ணால் பார்த்திருந்தார்.

எத்தனை ரைபிளுக்கு என்று கடைக்காரர் கேட்டார். ஒன்றுக்குத்தான் என்று சொல்லி நெக் டையை வாங்கினார். காரில் இருந்தே மனைவிக்கு போன் செய்தார்.

"சாந்தி, உன்ற தம்பிக்கு நெக் டை ஒண்ணு வாங்கியிருக்கறேன்."

"நெசமாலுமாங்க? இண்டர்வியூக்குப் போட அவங்கிட்ட நல்ல டையே இல்லீங்க. நானே உங்ககிட்ட கேக்கலாம்னு இருந்தேன்."

அவர் திருத்தவில்லை. வீட்டுக்கு வந்தபோது அரிசிம்பருப்புச் சோறு நெய் மணக்கக் காத்திருந்தது. கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிய பிறகே பெட்டியைத் திறந்து காட்டினார். இரும்பைப் பார்த்துச் சாந்தியின் முகம் செத்துவிட்டது. அதற்கும் ஒரு சிரிப்பு சிரித்தார்.

திருமூர்த்தி அதைக்கூடப் பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டான். மாமா தனக்காகச் செலவு செய்திருக்கிறாரே! சேனாபதியின் ரைபிளில் சுட்ட கூடுகளை ஒவ்வொன்றாகத் துடைத்து, தன் கையாலேயே நெரித்து, மருந்து நிரப்பினான்.

சனிக்கிழமை பன்றி வந்தது, நல்ல கிட்டத்தில். திருமூர்த்தி மயில்சாமியின் ரைபிளில் தோட்டாவைப் போட்டான். தோட்டாவை உள்ளே பூட்டும் போல்ட் மூடவில்லை. அடுத்த தோட்டாவும் அப்படியே. உள்ளங்கையால் குத்தினான். பன்றி நிதானமாகப் புதருக்குள் போனது. கூட வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"தப்பா நெனைக்காதீங்க சார்," என்றார் சேனாபதி மயில்சாமியிடம், எல்லோருக்கும் கேட்க. "இவன் கோடும் இப்படித்தான் எழுதுவான். டெஸ்ட்டே பண்ண மாட்டான்."

மயில்சாமி ரைபிளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலைப் பேச்சை அதன்பின் எடுக்கவே இல்லை.

சாயங்காலம் சேனாபதி கராஜுக்குள் வந்தபோது, திருமூர்த்தி அவருடைய ரைபிளைக் கையில் வைத்திருந்தான். அந்தத் தோட்டாக்களில் ஒன்றை உள்ளே தள்ளினான். போல்ட் வெண்ணெய்போல மூடியது.

"உங்களுதுல போகுதுங்க மாமா" என்று ரைபிளோடு திரும்பினான்.

சேனாபதி கதவுப் பக்கம் ஓரடி பின்னால் வைத்தார். ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தார். மாடியில் வெண்பா யாரோடோ போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். திருமூர்த்தி அதைக் கொஞ்ச நேரம் கேட்டான். பிறகு போல்ட்டைத் திறந்து, தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தான்.

சேனாபதிக்கு உயிர் திரும்பியது. கூடவே குணமும் திரும்பியது.

"பின்னே? அது என்ற ரைபிள்ல வெடிச்ச கூடு. வேற எங்க போனாலும் சேராது. நீயும் அப்படித்தான் மாப்ள."

சொல்லிவிட்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். கடைசியில் திருமூர்த்தி சிரித்தான்.

"மேல ஏசி ஓடுதுங்க மாமா. நிறுத்தீட்டு வந்தர்றேன்" என்று படியேறினான்.